விற்காத ஃபிளாட்டும் திறக்காத ஜன்னலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வாரந்தோறும் வரும் வீடு, மனைப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவள் நான். புதிய அடுக்ககங்கள், வீட்டுக் கடன் வட்டி, மாடித் தோட்டம் என்று பலவற்றைப் பற்றியும் எழுதுகிறீர்கள். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய ஃபிளாட் ஒன்றை வைத்துக்கொண்டு விற்க வழி தெரியாமல் நிற்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை. மேற்கு மாம்பலத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ‘விற்பனைக்கு’ என்ற அட்டை வெயிலில் வெளுத்துத் தொங்கும் ஒரு பால்கனியாவது கண்ணில் படுகிறது. அப்படி ஓர் அட்டையை நானும் பத்தொன்பது மாதம் தொங்கவிட்டிருந்தேன். அதில் முதல் பதினான்கு மாதம் வீணாய்ப் போனது. அது ஏன் என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

அந்த ஃபிளாட் என் அம்மாவுடையது. 1989-இல் அப்பாவின் சேமநல நிதிப் பணத்தில் வாங்கியது. முதல் மாடி, 720 சதுர அடி, இரண்டு படுக்கையறை. மொத்தம் எட்டு வீடுகள். லிஃப்ட் கிடையாது. கார் நிறுத்தக் கூரை போட்ட இடமும் கிடையாது. அயோத்தியா மண்டபத்துக்கும் மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் நடந்தே போய்விடலாம். 2022 ஐப்பசியில் அம்மா காலமானார். நான் நங்கநல்லூரில் இருக்கிறேன், தம்பி கோவையில். வாரிசுச் சான்று வாங்கி, 2023 தை மாதம் வீட்டை விற்பனைக்கு விட்டோம்.

வங்கிக் கவுன்ட்டரில் இருபத்தேழு ஆண்டு உட்கார்ந்தவள் நான். எதையும் எழுதி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வீடு பார்க்க வந்தவர்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: தேதி, எத்தனை பேர், என்ன கேட்டார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள். பதினான்கு மாதத்தில் இருபத்து மூன்று குடும்பங்கள் வந்தன. இரண்டாம் முறை வந்தவர் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோர் நான்கைந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். ஒரு தம்பதியில் கணவர் மட்டும் மேலே வந்தார். மனைவி படிக்கட்டின் கீழேயே நின்றுகொண்டார்.

நானும் தம்பியும் விலையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டோம். தரகர் காலத்தைக் குற்றம் சொன்னார். ஆடியில் யாரும் வாங்க மாட்டார்கள், மார்கழியில் பேச்சே எடுக்க மாட்டார்கள், தை பிறந்தால் பார்க்கலாம் என்றார். இரண்டாவது தையும் பிறந்து மாசியும் போனது.

பங்குனியில் தம்பி மனைவி கோவையிலிருந்து வந்தாள். அம்மா போன பிறகு அந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தது அன்றுதான். ஹாலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, “அத்தை இன்னும் இங்கேயே இருக்கிறார்கள் அக்கா. வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது உண்மை. அம்மாவின் சாய்வு நாற்காலி, மருந்து டப்பா அடுக்கிய ஸ்டூல், பரணில் பித்தளைப் பாத்திர மூட்டைகள், சுவரெங்கும் சாமி படங்கள், அப்பா படத்தில் காய்ந்த மாலை. ஒன்றையும் நான் தொடவில்லை. வீட்டை விற்கப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னேனே தவிர, அம்மாவின் வீடாகவே அதைக் காத்துக்கொண்டிருந்தேன். வாங்க வருகிறவர் அங்கே தம் கட்டிலை எங்கே போடலாம், பிள்ளை எங்கே படிக்கும் என்று யோசிக்க வேண்டும். அதற்கு ஓர் அடி இடம்கூட நான் விடவில்லை.

மூன்று நாள் இருவரும் உட்கார்ந்து ஒழித்தோம். சுவரிலிருந்து பிடுங்கிய ஆணிகள் மட்டும் 43. படங்களில் சிலவற்றை நான் எடுத்துக்கொண்டேன், சிலவற்றை அவள் எடுத்துக்கொண்டாள். பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போட மனம் வராமல் பேத்திகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம். சாய்வு நாற்காலி இப்போது என் வீட்டு வராந்தாவில் இருக்கிறது.

கடைசியாக பீரோ. ஹாலின் வடக்குச் சுவரை ஒட்டி இருபது ஆண்டுக்கு மேல் நின்ற இரும்பு பீரோ அது. பக்கத்து மனையில் கட்டிட வேலை நடந்தபோது தூசி வருகிறது என்று அதை ஜன்னலுக்கு முன்னால் நகர்த்தினோம். வேலை முடிந்தும் அது நகரவில்லை. நான்கு ஆட்கள் அதைத் தூக்கி எடுத்தபோதுதான் அங்கே ஒரு ஜன்னல் இருந்ததே எனக்கு நினைவுக்கு வந்தது. நல்ல தேக்கு. ஆனால் மேலே மேலே அடித்த பெயின்டில் கதவும் சட்டமும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. தச்சர் ஒருவர் மெல்லிய கத்தியை இடுக்கில் விட்டு, மேலிருந்து கீழாக விரல் விரலாக அறுத்துக்கொண்டே வந்தார். கொக்கியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கதவு திறந்தது. வடக்கு ஜன்னல் என்பதால் ஆண்டின் பெரும்பகுதி வெயில் நேரே விழாது, வெளிச்சம் மட்டும் நாள் முழுதும் வரும். இருட்டு வீடு என்று இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேர் சொன்னதாக என் நோட்டில் இருக்கிறது. அந்த ஹாலில் அன்று மாலை ஐந்தரை வரை விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

இன்னொரு குறை நாற்றம். பூட்டிய வீட்டு வாடை என்று நினைத்து ஒவ்வொரு முறையும் ஊதுவத்தி ஏற்றி வைப்பேன். வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், நான் இன்னொரு வத்தி ஏற்றுவேன். உண்மைக் காரணத்தைச் சொன்னவர் குழாய்க்காரர். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் இடத்தில், சல்லடைக்குக் கீழே நஹானி டிராப் என்று ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். கழிவுக் குழாயின் வாடை மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஆள் இல்லாத வீட்டில் அது வற்றிப்போகும். பிறகு வாடையும் கரப்பானும் தாராளமாக மேலே வரும். வாரம் ஒரு முறை குளியலறை, கழிப்பறை, சமையலறைத் தொட்டி எல்லாவற்றிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார். பதினான்கு மாதம் ஊதுவத்தி வாங்கியவளுக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள்.

மின் இணைப்பிலும் இதே கதைதான். ஆள் இல்லாத வீடுதானே என்று மெயினை அணைத்து வைத்திருந்தேன். வேலைக்குப் போகிறவர்கள் மாலை ஏழு மணிக்குத்தான் வீடு பார்க்க வருவார்கள். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் காட்டியிருக்கிறேன். தமிழகத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். காலி வீட்டில் நான்கு விளக்கும் ஒரு மின்விசிறியும் வீடு காட்டும் நேரத்தில் ஓடினால் அதைத் தாண்டவே தாண்டாது.

இனி, மறைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குளியலறைக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சள் வட்டம் ஒன்று இருந்தது. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கசிவு. பழைய அடுக்ககங்களில் இருக்கிறவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அம்மா இருந்தபோதே மேல் வீட்டுப் பெரியவரோடு இதனால் மனத்தாங்கல், பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. “பட்டி பார்த்து ஒரு கோட் அடித்துவிடலாம் அம்மா, விற்கும்வரை தாங்கும்” என்றார் தரகர். நானும் சரி என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரத்தில் வட்டம் திரும்பி வந்தது. முன்பு தட்டாக இருந்தது தாம்பாளமாக ஆனது. அந்த வாரம் வந்தவர்களில் ஒரு பெரியவர் கட்டிட மேஸ்திரியாக இருந்தவர். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். புதுப் பூச்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டார். கசிவுக்காக அவர் போகவில்லை. அதை மூடிய வீட்டில் இன்னும் எதையெல்லாம் மூடியிருப்பார்களோ என்றுதான் போனார்.

கோவைக்காரி போனபின் நானே மேல் வீட்டுக்குப் படியேறினேன். வீடு விற்கவில்லை ஐயா, செலவில் பாதி நான் தருகிறேன், வேலையை முடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். தரையை உடைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து வார்ப்பிரும்பு நஹானி டிராப் விரிசல் விட்டுக் கிடந்தது. அதை எடுத்துவிட்டுப் பிவிசி வைத்து, கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, வடிகாலை அடைத்து, இரண்டு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்தார்கள். கீழே நான் ஸ்டூல் மேல் ஏறி, காலையும் மாலையும் கூரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. உடனே பெயின்ட் அடிக்காமல் ஒரு மாதம் காய விட்டோம். ஓதம் காயாத சுவரில் அடித்த பெயின்ட் நிற்காது. மொத்தச் செலவு 38,000 ரூபாய், என் பங்கு 19,000. உடைத்தபோது எடுத்த படங்களையும் பில்லையும் கோப்பில் வைத்தேன். அதன்பின் வந்த ஒவ்வொருவரிடமும், “இங்கே கசிவு இருந்தது, இப்படிச் சரிசெய்தோம்” என்று நானே காட்டினேன்.

தரை பற்றியும் ஒரு வார்த்தை. மொசைக் தரையை யாரும் விரும்ப மாட்டார்கள், மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு 1,60,000 ரூபாய் கேட்டார்கள். வாங்குகிறவர் எப்படியும் தம் விருப்பத்துக்கு மாற்றுவார், நம் ரசனைக்கு எதற்கு அவர் பணம் கொடுக்க வேண்டும்? 26,000 ரூபாயில் பாலிஷ் போட்டேன். முதல் நாள் கரட்டுக் கல், பிறகு நயமான கற்கள், தரையெங்கும் சாம்பல் நிறச் சேறு. மறுநாள் ஆக்ஸாலிக் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவியதும், வெள்ளையும் பச்சையும் காவியுமாகக் கல் துணுக்குகள் கிரகப்பிரவேசத்தன்று பார்த்தது போலவே வந்தன. பெயின்டுக்கு 42,000. தச்சருக்கும் சில்லறை வேலைகளுக்கும் சேர்த்து மொத்தம் 92,000-க்குள் முடிந்தது.

படிக்கட்டின் கீழே நின்றுவிட்ட அந்தப் பெண்மணி என் மனத்தைவிட்டுப் போகவில்லை. ஒருநாள் நானே தெருவிலிருந்து, வீடு வாங்க வருகிறவளாக நினைத்துக்கொண்டு நடந்து வந்தேன். கேட்டருகே குப்பைக் கூடை. சம்ப்பின், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின், மூடி விரிசல் விட்டிருந்தது. யாருடையது என்றே தெரியாத துருப்பிடித்த சைக்கிள் ஒன்று. முதல் திருப்பத்தில் விளக்கு எரியவில்லை. ஃபிளாட் விற்கிறவர்கள் தங்கள் கதவுக்கு உள்ளே இருப்பதை மட்டும் வீடு என்று நினைக்கிறோம். வருகிறவர் தெருமுனையிலிருந்தே வீட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறார். சங்கச் செயலாளரிடம் சொல்லி, என் செலவில் இரண்டு விளக்கும் சம்ப்புக்கு மூடியும் போட்டேன். சைக்கிளை எடுக்க மட்டும் இரண்டு கூட்டம் தேவைப்பட்டது.

படங்களைத் தரகர் இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தார். முதல் படமே கழிப்பறை, அதில் சிவப்பு பிளாஸ்டிக் வாளி. எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, காலை ஒன்பது மணிக்கு ஜன்னல்களைத் திறந்து வைத்து தம்பி மகள் எடுத்தாள். அறையைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் வேண்டாம் என்றேன். படத்தில் பெரிதாகப் பார்த்துவிட்டு நேரில் பத்துக்குப் பத்து அறையைக் காண்கிறவர், வாசலிலேயே ஏமாந்துவிடுகிறார். வாசல் கிழக்கு, சமையலறை தென்கிழக்கு, மாடிப்படி எந்தப் பக்கம் என்பதையும் விளம்பரத்திலேயே எழுதினோம். வாஸ்து பார்க்கிறவர்களோடு வாதாடிப் பயனில்லை. ஒத்துவராதவர்களின் அலைச்சலாவது மிச்சம்.

ஹாலில் ஒரு சிறிய மேசை, நான்கு நாற்காலி, மேசை மேல் ஒரு கோப்பு. வேறு அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. கோப்பில் தாய்ப்பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சொத்து வரி, குடிநீர் வாரிய ரசீதுகள், வாரிசுச் சான்று, சங்கத்துக்கு பாக்கி இல்லை என்ற கடிதம். பழைய ஃபிளாட்டில் வாங்குகிறவர் முதலில் கேட்பது யுடிஎஸ் எவ்வளவு என்றுதான், அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு. எங்களுக்கு 410 சதுர அடி. அதைக் கோப்பின் முதல் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள், 2019 கோடையை யாரும் மறக்கவில்லை. அந்தக் கோடையில் வாரம் இரண்டு லாரி வாங்கினோம் என்று உள்ளதைச் சொன்னேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தின் இரண்டாவது படி வரை தண்ணீர் நின்றது. அந்தப் படியையும் காட்டினேன்.

விலையிலும் எங்கள் மேல் தவறு இருந்தது. அதே தெருவில் லிஃப்ட்டும் கார் நிறுத்துமிடமும் உள்ள புதுக் கட்டிடத்தின் சதுர அடி விலையை எங்கள் 720-ஆல் பெருக்கி 84 லட்சம் கேட்டோம். முப்பத்தைந்து வயதுக் கட்டிடத்துக்கு வாங்குகிறவர் கொடுப்பது பெரும்பாலும் நிலத்துக்கான விலை. கட்டிடத்தின் வயதைப் பார்த்து வங்கியும் கடன் தொகையைக் குறைக்கும். அதற்கு மேல் அவர் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கட்ட வேண்டும். இதையெல்லாம் அவர் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்து 75 என்று சொன்னோம். 72-க்கு முடிந்தது.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமானதைச் சொல்கிறேன். தரகர் முதலில் கொடுத்த விளம்பரத்தில் ‘சைவர்களுக்கு மட்டும்’ என்ற சொற்கள் இருந்தன. நான் கொடுக்கவில்லை. மாம்பலத்தில் அது வழக்கம் என்று அவரே சேர்த்திருந்தார். அந்தச் சொற்களின் உள்ளர்த்தம் என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். குடியிருப்பில் இருவர், நம்மவர்களாகப் பார்த்துக் கொடுங்கள் என்று நேரிலேயே சொன்னார்கள். அவர்கள் என் அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர்கள். அவர்களிடம் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் சொன்னேன். கவுன்ட்டரில் இருபத்தேழு ஆண்டு எல்லோர் கையிலிருந்தும் பணம் வாங்கி எண்ணியிருக்கிறேன், யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாரையும் கேட்டதில்லை. வீடு விற்கும்போது மட்டும் ஏன் கேட்க வேண்டும்? அந்தச் சொற்களை எடுக்கச் சொன்னேன். அடுத்த ஐந்து மாதத்தில் பதினேழு குடும்பங்கள் வந்தன. வெளிச்சத்தால் வந்தவர் எத்தனை பேர், விலையால் எத்தனை பேர், அந்த வரி போனதால் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல என் நோட்டில் வழியில்லை. ஆனால் வாங்கியவர்கள், அந்த வரி இருந்திருந்தால் போனே செய்திருக்க மாட்டோம் என்று பிறகு என்னிடம் சொன்னார்கள்.

வாங்கியவர்கள் இளம் தம்பதி. மனைவி செவிலியர். மூன்று முறை வந்தார்கள், மூன்றாம் முறை மழையில் வரச் சொன்னது நான்தான். அன்று வடக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நோட்டில் அதுதான் கடைசிப் பதிவு. 2024 ஆவணியில் கிரயம் முடிந்தது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் வீடு, மனைப் பக்கத்தில் பழைய ஃபிளாட்டுகளுக்கு மாதம் ஒரு முறையாவது இடம் ஒதுக்குங்கள். குழாய்க்காரர், தச்சர், பாலிஷ் போடுகிறவர் ஆகியோரிடம் கேட்டு எழுதுங்கள், எனக்கு உருப்படியாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். இரண்டாவது, ‘சைவர்களுக்கு மட்டும்’, ‘குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும்’ என்று வரும் வரி விளம்பரங்களிலிருந்து அந்தச் சொற்களை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். அதனால் விளம்பரக் கட்டணத்தில் ஒரு சொல்லுக்கோ இரண்டு சொல்லுக்கோ உரிய தொகை உங்களுக்குக் குறையலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
நங்கநல்லூர், சென்னை-61